அப்பத்தாவுக்கு ஒன்றுமில்லை, பையனுக்கு?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு வயது 20. காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான்கு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறான், 60 கிலோ பிரிவு. மாவட்ட அளவில் தங்கம் வாங்கியவன். இந்த ஏழு மாதத்தில் மூன்று போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் விலகிவிட்டான். புரட்டாசியில் காய்ச்சல். ரத்தம் சோதித்ததில் டெங்கு என்று வந்தது உண்மைதான், ஆனால் போட்டியன்று காலையில் காய்ச்சல் விட்டிருந்தது, போயிருக்கலாம். கார்த்திகையில் வலது மணிக்கட்டு சுளுக்கு என்றான். மறுநாளே பட்டறையில் கல் அடுக்கினான். மாசியில், அப்பத்தாவுக்கு முடியவில்லை என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு என் அம்மா டவுன் பஸ் ஏறிப் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்தார்! ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் எல்லாம் வைத்திருந்தோம். இப்போது பங்காளிகள் முன்னால் தலைகாட்ட முடியவில்லை.

பையில் குத்துகிறான், ஸ்கிப்பிங் போடுகிறான். ஸ்பாரிங் (இன்னொரு ஆளோடு மோதிப் பழகுவது) என்றால் மட்டும் நழுவுகிறான். ஐப்பசியில் ஸ்பாரிங்கில் ஒரு பெரிய எடைப் பையனிடம் நன்றாக அடி வாங்கினான், இரண்டு நாள் தலைவலி என்றான், அவ்வளவுதான். அதற்குமுன் பயந்தவன் இல்லை. படிப்பிலும் இப்போது மந்தம், இரண்டு அரியர். ராத்திரி படிக்க உட்கார்ந்தால் டியூப்லைட்டை அணை என்கிறான், அம்மாவிடம் எரிந்து விழுகிறான். எடை குறைக்க இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நான் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு பிடித்தவன். எங்கள் வீட்டில் யாரும் முதுகு காட்டியதில்லை. முகமது அலி என்றைக்காவது வயிற்றுவலி என்று சொல்லி விலகியிருப்பாரா? அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் 20ஆம் தேதி. இந்தத் தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போய் நிறுத்தட்டுமா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அப்பத்தா பஸ் ஏறிய இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் முகமது அலி.

அலி வயிற்றைக் காரணம் காட்டியே விலகியிருக்கிறார். 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். மறுபோட்டி அதே வருடம் நவம்பர் 16, பாஸ்டன் நகரில். டிக்கெட் விற்று, ஊரெல்லாம் கூடி நிற்கிறது. மூன்று நாள் இருக்கும்போது அலிக்குக் குடலிறக்கம் வந்து இறுகிக்கொண்டது. அவசர அறுவை சிகிச்சை. போட்டி 1965 மே 25க்குத் தள்ளிப்போனது, ஊரும் மாறியது. ஆறு மாதம் கழித்து வந்து முதல் சுற்றிலேயே முடித்துவிட்டுப் போனார்.

அதே அலியோடு ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் மோத வேண்டியிருந்த ஜார்ஜ் ஃபோர்மன் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1974 செப்டம்பர் 25 என்று நாள் குறித்தாயிற்று. சுமார் ஒரு வாரம் இருக்கும்போது, கூடப் பயிற்சி செய்தவரின் முழங்கை பட்டு வலது புருவத்துக்கு மேல் கிழிந்துவிட்டது. அக்டோபர் 30க்குத் தள்ளிவைத்தார்கள். மைக் டைசன் 1991 நவம்பரில் ஹோலிஃபீல்டோடு மோதியிருக்க வேண்டும். விலா எலும்புப் பகுதியில் அடிபட்டு விலகினார், அப்புறம் வழக்கு, சிறை என்று போய் அந்தச் சண்டை நடந்தது 1996 நவம்பரில்தான். 2024இல் ஜேக் பாலோடு நடக்க இருந்த சண்டையும் டைசனின் வயிற்றுப்புண்ணால் ஜூலையிலிருந்து நவம்பருக்குப் போனது. ஆக, பெரிய பெயர்களைச் சொல்லிப் பையனைக் குத்திக்காட்டாதீர்கள். அந்தப் பட்டியலில் அவன் தனியாள் இல்லை.

புருவக் கிழிசலுக்கு எதற்கு ஐந்து வாரம் என்று தோன்றும். ஃபோர்மனையும் அப்படித்தான் கேலி செய்தார்கள். நீங்கள் கல் வார்க்கிறவர், உங்களுக்குச் சொல்வது எளிது. கண்ணாடி மேல் வார்த்து எடுத்த கல் மறுநாள் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். பூவேலை பளபளக்கும். அதைத் தொட்டியில் ஊறப்போடாமல் அப்படியே கூடத்தில் பதித்து மேலே ஆட்டுக்கல்லை உருட்டுவீர்களா? தையல் போட்ட தோலும் அப்படித்தான். பத்து நாளில் தையல் பிரித்துவிடுவோம், கோடு மாதிரி ஒட்டியிருக்கும். ஆனால் மூன்றாவது வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். எண்பது சதவீதம் வரவே மூன்று மாதம் பிடிக்கும், முழு வலு ஒருபோதும் திரும்பாது. முதல் சுற்றில் கையுறை உரசினாலே மறுபடி திறந்துகொள்ளும். ரத்தம் கண்ணுக்குள் இறங்கினால் எதிரியின் கை தெரியாது.

சரி, எல்லாச் சாக்கும் உண்மையா என்றால் இல்லை. நான் மாவட்டப் போட்டிகளில் ரிங் ஓரத்தில் மருத்துவராக உட்கார்ந்தவன். எடை பார்க்கிற காலையில் கேட்காத கதை இல்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் 'பயிற்சியில் காயம்' என்பது ரொம்ப வசதியான காரணம். பூட்டிய அறைக்குள் நடந்ததை யார் போய்ச் சரிபார்ப்பது? ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால் வருகிற சாக்குகள் தனி ரகம். மெக்சிகோவின் கனெலோ அல்வாரெஸ் 2018இல் 'கிளென்பியூட்டரால்' என்ற தடைசெய்யப்பட்ட மருந்தில் சிக்கி மே மாதச் சண்டையிலிருந்து விலகியபோது, மருந்து கலந்த மாட்டிறைச்சி சாப்பிட்டேன் என்றார். இங்கிலாந்தின் டைசன் ஃப்யூரி விஷயத்தில் காட்டுப்பன்றி இறைச்சி வந்தது. கானர் பென் 2022இல் சிக்கியபோது, உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் அளவுக்கு மீறி முட்டை தின்றது காரணமாக இருக்கலாம் என்று சொல்லியது. நம் பக்கம் கோழி, காடை, முட்டை என்று எதையும் விடுவதில்லை, எல்லோரும் இன்றைக்கு உலகச் சாம்பியனாக இருக்க வேண்டும்! வேடிக்கைக்குச் சொன்னேன். மெக்சிகோவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பது நிஜமாகவே நடக்கிறது, அதனால் கனெலோ சொன்னதை முழுப்பொய் என்று தள்ளவும் முடியாது. ஆறு மாதத் தடையோடு விட்டார்கள். பையன் ஜிம்மில் யாராவது கொடுக்கிற பவுடரை வாங்கிக் குடிக்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கிலாந்தின் டேவிட் ஹே. 2011இல் விளாதிமிர் கிளிச்கோவிடம் தோற்றதும், கால் சுண்டுவிரல் உடைந்திருந்தது என்று சொல்லி, மேசை மேல் ஏறி விரலைக் காட்டினார். உலகமே சிரித்தது. இரண்டு வருடம் கழித்து டைசன் ஃப்யூரியோடு சண்டை. 2013 செப்டம்பர் 28 என்று இருந்தது, ஒரு வாரம் முன்னால் ஹே கண்ணுக்கு மேல் கிழிந்துவிட்டது என்று விலகினார். 2014 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். நவம்பரில் தோள்பட்டை அறுவை சிகிச்சை என்று சொல்லி அதிலிருந்தும் விலகினார். ஃப்யூரி சும்மா இருப்பாரா? பயந்தாங்கொள்ளி என்று வாய்க்கு வந்தபடி பேசினார். சுண்டுவிரலை மறக்காத ரசிகர்களும் நம்பவில்லை. ஆனால் தோள் உண்மை. ஹே மறுபடி ரிங்கில் ஏறியது 2016 ஜனவரியில்தான்.

அதே 2016இல் ஃப்யூரியின் முறை வந்தது. கிளிச்கோவைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியிருந்தவர், ஜூலையில் நடக்க வேண்டிய மறுபோட்டியிலிருந்து கணுக்கால் சுளுக்கு என்று விலகினார். அக்டோபர் தேதி கொடுத்தார்கள், உடல்நிலை சரியில்லை என்று அதிலிருந்தும் விலகினார். கணுக்கால் கதையை அப்போது பலர் கிண்டலடித்தார்கள். உள்ளே நடந்துகொண்டிருந்தது கடுமையான மனச்சோர்வும் போதையும் என்பதைப் பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். பட்டங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 2018இல் திரும்பி வந்தார், 2020இல் டியோன்டே வைல்டரை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார். 2024 பிப்ரவரியில் உக்ரைன் வீரர் உசிக்கோடு நடக்க வேண்டிய சண்டை, இவர் கண்ணுக்கு மேல் கிழிந்து மே மாதத்துக்குப் போனது. பத்து வருடத்துக்கு முன் ஹேயைப் பார்த்துச் சிரித்த அதே காயம்.

இந்தக் கதையை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல்கிற காரணம் பொய்யாக இருக்கலாம், விலகியது மட்டும் சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுவோ என்று எனக்குச் சந்தேகம். மூன்று விலகலையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சாக்கு' என்று பெயர் எழுதிவிட்டீர்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

புரட்டாசிக் காய்ச்சல். காய்ச்சல் விட்டிருந்தது, போயிருக்கலாம் என்கிறீர்கள். ஐயா, டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் எங்களுக்குப் பயம் பிடிக்கிற நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். அதை ஒட்டிய ஒன்று இரண்டு நாளில்தான் தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், ரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் கூடும். உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று வெளியே கிளம்புகிறவர்கள்தான் மயங்கி விழுந்து வந்து சேர்வார்கள். அந்த நிலையில் தலையிலும் வயிற்றிலும் ஒன்பது நிமிடம் குத்து வாங்க அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. அன்றைக்கு அவன் விலகியது மிகச் சரி. அதைச் சாக்குக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்தால் அவனிடமும் சொல்லிவிடுங்கள்.

கார்த்திகை மணிக்கட்டு. மறுநாள் கல் அடுக்கினான் என்பதை வைத்துப் பொய் என்கிறீர்கள். அனேகமாகப் பொய்தான். ஆனாலும் ஒரு சின்ன எச்சரிக்கை. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே இருக்கிற ஸ்கேஃபாய்டு என்கிற சின்ன எலும்பு உடைந்தாலும் கை வேலை செய்யும், வீங்காது, முதல் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால்தான் கோடு விழும். கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பே செத்துப்போகும். குழியில் வலி இல்லை என்றால் மணிக்கட்டை மறந்துவிடலாம்.

மாசி, அப்பத்தா. இதில் மருத்துவம் பேச ஒன்றுமில்லை. கலப்படமில்லாத பொய்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். உண்மையான விலகல் புரட்டாசியில். பொய்யான இரண்டும் கார்த்திகையிலும் மாசியிலும். நடுவில் ஐப்பசி. ஐப்பசியில் என்ன நடந்தது? 'பெரிய எடைப் பையனிடம் நன்றாக அடி வாங்கினான், இரண்டு நாள் தலைவலி, அவ்வளவுதான்' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் டியூப்லைட் வெளிச்சம் ஆகவில்லை, படிப்பு ஏறவில்லை, அம்மாவிடம் எரிந்து விழுகிறான், ஸ்பாரிங்கை மட்டும் தவிர்க்கிறான். இரண்டாம் தடவை படித்தபோது என் சிரிப்பு நின்ற இடம் இதுதான்.

கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஆனால் கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சியை நான் சந்தேகப்படுகிறேன். கன்கஷன் வர மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. ரத்தம் வராது, வீங்காது, சி.டி. ஸ்கேனும் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது, கவனம் நிற்காதது, தூக்கம் மாறுவது, தொட்டதற்கெல்லாம் கோபம். பெரும்பாலானவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் இருந்தால் நீடித்த பாதிப்பு என்று தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் பையனுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. அந்த நிலையில் தலையில் இன்னொரு அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும், அபூர்வமாக மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நடப்பது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான்.

போட்டியில் தலை அடியால் வீழ்ந்திருந்தால் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது என்று அவன் பதிவுப் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். ஸ்பாரிங்கில் வாங்கிய அடிக்கு எந்தப் புத்தகமும் இல்லை. 60 கிலோப் பையனைப் பெரிய எடைக்காரனோடு இறக்கிவிட்ட மாஸ்டர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆள் இல்லாதபோது எல்லா இடத்திலும் செய்கிறார்கள், அதற்காக அது சரியாகிவிடாது.

அப்படியானால் ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எதைச் சொல்வான்? மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக் காட்டலாம். தலைக்குள் இருப்பதை எப்படிக் காட்டுவது? 'அடி வாங்கினதிலிருந்து என்னமோ மாதிரி இருக்கு' என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சிராவயல் கதைதானே வந்திருக்கும்? அவனுக்கே அது நோயா பயமா என்று பிரித்துத் தெரியாமல் இருக்கலாம். தனக்கே விளங்காத காரணத்துக்குப் பதிலாக, எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரு காரணத்தைத் தேடியிருக்கிறான். அப்பத்தாவுக்கு முடியவில்லை என்றால் நம் ஊரில் யார் மறுத்துப் பேசுவார்கள்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், மதுரை வசதி என்றால் அங்கே போகலாம். ஐப்பசியில் அடிபட்ட நாள், அப்போது வாந்தி இருந்ததா, எதையாவது மறந்தானா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கண் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். தலைவலிக்குக் கண்ணாடி போட வேண்டியதுகூடக் காரணமாக இருக்கலாம். ராத்திரி ஒரு மணிவரை போன் பார்ப்பதும் இருக்கலாம், எனக்கு அப்படி முடிந்தால் சந்தோஷம். கண்ணில் மின்னல் மாதிரி தெரிகிறது, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். அதுபோல, தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, அடிக்கடி வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், நேரம் பார்க்காதீர்கள்.

மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. நடை, லேசான ஓட்டம், ஸ்கிப்பிங் என்று படிப்படியாக ஏற்றலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தலைவலி கூடினால் ஒரு படி கீழே. பையில் குத்துவதும் மருத்துவரைக் கேட்டபிறகுதான். எதிரியின் கை தலையில் படுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

தண்ணீர் குடிக்காமல் எடை குறைப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1997இல் சுமார் ஒரு மாத இடைவெளியில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி உடம்பை வற்றவைத்து எடை குறைக்கும்போது இறந்துபோனார்கள். நீர் வற்றிய மூளை அடி தாங்குவதும் குறைவு என்பதே மருத்துவர்களின் கவலை. 60க்கு வர உயிரை விட வேண்டியிருக்கிறது என்றால் அவன் 60 கிலோக்காரன் இல்லை, அவ்வளவுதான். 1980 நவம்பரில் ரொபெர்டோ துரான் என்ற பெரிய வீரர் சுகர் ரே லியோனார்டோடு மோதும்போது எட்டாவது சுற்றில் திரும்பிக்கொண்டு போதும் என்று நின்றுவிட்டார். கொஞ்ச நாளில் ஏராளமாக எடை குறைத்து, எடை பார்த்த பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார், வயிறு பிடித்துக்கொண்டது என்றார். வயிறா அவமானமா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள்.

மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால்? அப்போது மிச்சம் இருப்பது பயம். அதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது நானும் கையுறை மாட்டியவன். ஒரு போட்டிக்கு முதல்நாள், எனக்கு வாய்த்த எதிராளியைச் சாப்பாட்டு வரிசையில் பார்த்தேன். தோள் அகலம் நம் வீட்டு நிலைக்கதவு மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு கோச் முன்னால் நின்றேன். மறுநாள் காலை அவசரத்தில் வலது கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். கோச் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 'எந்தக் கை வலிக்குதோ அதுக்குத் தைலம் போட்டுக்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் எல்லோர் முன்னிலும் என்னைக் கிழித்திருந்தால் நான் திரும்பி அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அடுத்த வருடம் போட்டியிட்டேன். தோற்றேன், அது வேறு.

வயிறு கலக்குவது, பத்து தடவை சிறுநீர் கழிக்கப் போவது, கை சில்லிடுவது, காரணமில்லாமல் கொட்டாவி வருவது, இதெல்லாம் உடம்பு சண்டைக்குத் தயாராகும்போது வருவது. பழகாத பிள்ளைகள் இதை நோய் என்று நினைத்துக்கொள்வார்கள். மைக் டைசன் 1982இல் ஜூனியர் ஒலிம்பிக் போட்டியில் மோதுவதற்கு முன் வெளியே நின்று பயிற்சியாளர் தோளில் சாய்ந்து அழுதது படமாகவே இருக்கிறது. அப்புறம் உள்ளே போய்த் தங்கம் வாங்கினார். பையனுக்கு அந்தக் காட்சியைக் காட்டுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

மஞ்சுவிரட்டு பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். இப்போது தொழுவுக்கு வருமுன் காளையையும் வீரரையும் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். கால் தாங்கி நடக்கிற காளையை உள்ளே விடுவதில்லை. உங்கள் காளை அப்படி நடந்தால் நீங்களே அவிழ்க்க மாட்டீர்கள், பருத்திக்கொட்டை வைத்துத் தடவிக்கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவருவீர்கள். யாரும் காளையைக் கோழை என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. 2018 ஆசிய விளையாட்டில் நம் விகாஸ் கிருஷன் கண் காயத்தால் அரையிறுதியில் இறங்க முடியாமல் வெண்கலத்தோடு திரும்பினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் சதீஷ் குமார் முகத்தில் தையல்களோடு இறங்கினார், நாடே கொண்டாடியது. நானும் கை தட்டினேன். தட்டிக்கொண்டே, ரிங் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று யோசித்தேன். அனுப்பியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவனிடம் பேசும்போது 'ஏன் பொய் சொன்னாய்' என்று ஆரம்பிக்காதீர்கள். இன்னொரு பொய்தான் வரும். 'ஐப்பசியில் அடிபட்டியே, அன்றைக்கு என்ன ஆச்சு' என்று கேளுங்கள். பட்டறையில், இரண்டு பேரும் கையில் வேலை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கிற நேரம் நல்லது. அம்மாவையோ பங்காளிகளையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஃபிளெக்ஸ் இன்னும் முக்கில் நிற்கிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிவிடுங்கள். பெயர் கொடுக்கும் முன்பே படம் போட்டுத் தொங்கவிட்டால், விலக நினைக்கிற பிள்ளை அந்தப் படத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏற வேண்டும்.

விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எடை பார்ப்பதற்கு முந்தின ராத்திரி போனை அணைத்துவிடுவதுதான் தப்பு. கூடப் பழகுகிற இன்னொரு பையனுக்குப் போயிருக்க வேண்டிய இடம் வீணாகிறது, எதிரே நிற்பவனுக்கு வாக்-ஓவர், அதாவது மோதாமலே வெற்றி, கிடைத்தும் திருப்தி இல்லை. நாலு நாள் முன்னால், மருத்துவர் சீட்டோடு, மாஸ்டரிடம் நேரில் சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

20ஆம் தேதி கெடு வைத்திருக்கிற அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். மாஸ்டரிடம் இந்தத் தடவை நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், உள்ள காரணத்தையே சொல்லலாம்.